மோரிப் கடற்கரையில் ஒரு வேஷ்டிப் பரீட்சை

கோலாலம்பூர் ரயில்வே ஸ்டேஷனைப் பார்த்ததும் தப்பான இடத்தில் இறங்கிவிட்டேனோ என்றுதான் நினைத்தேன். தூணும் வளைவும் கும்மட்டமுமாக, ஏதோ ஒரு நவாப் நாலு பேகங்களுக்குக் கட்டிக் கொடுத்த அரண்மனை மாதிரி நிற்கிறது. நம்ம திருச்சி ஜங்ஷனைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தால், பாவம், அழுதுவிடும். ஆனால் உள்ளே அதே கரிப் புகை, அதே மூட்டை முடிச்சு, அதே "வழி விடுய்யா!" அரண்மனைக்குள் கொடி காட்டுகிறவரும் தமிழர், டிக்கெட் வாங்குகிறவரும் தமிழர். அப்பாடா என்றிருந்தது.

ஊரில் எல்லோரும் பெண் பார்க்கப் போவார்கள். நான் கடல் தாண்டி மாப்பிள்ளை பார்க்கப் போனேன். பி.ஏ. பாஸ் செய்துவிட்டு வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிற பிள்ளைக்கு அப்பா கண்டுபிடித்த வேலை அது. மாப்பிள்ளை பெயர் நடராஜன். மலாயா ரயில்வேயில் குமாஸ்தா. பிரிக்பீல்ட்ஸில் அக்கா வீட்டில் வாசம். பெண் என் தங்கை பூரணி. (பெயர்களையெல்லாம் மாற்றியிருக்கிறேன். உத்தியோகஸ்தர்களின் பிழைப்பு சம்பந்தப்பட்ட விஷயம். வேஷ்டியை மட்டும் மாற்றவில்லை.)

பூரணி ராட்டை சுற்றுகிறவள். எங்கள் வீட்டில் கதரல்லாத துணி எதுவும் அவள் கண்ணில் பட்டால் அதற்கு ஆயுள் குறைவு. என்னுடைய மல் ஜிப்பா ஒன்று அப்படித்தான் அடுப்பில் போயிற்று. நான் கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரு எட்டு முழ வேஷ்டியைக் கொண்டுவந்து என் பெட்டியில் வைத்தாள். அவளே நூற்ற நூல்.

"அவர்கிட்டே இதைக் குடு. நான் நூத்ததுன்னு சொல்லலாம். அதுக்கு மேலே ஒரு வார்த்தை சொல்லக் கூடாது" என்றாள்.

"சொன்னா என்ன?"

"சொன்னா அது பரீட்சை இல்லே. அவங்க அக்கா எழுதியிருக்காங்கல்ல, சுதந்திர தினத்துக்குப் பிக்னிக் போவோம்னு? அன்னிக்கு அவர் இதைக் கட்டிக்கிட்டு நாலு பேர் முன்னாடி நிக்கிறாரான்னு பாரு. நின்னா எனக்குச் சம்மதம்னு அப்பாகிட்டே சொல்லிடு. நிக்கலேன்னா நீ பாட்டுக்குக் கப்பலேறி வந்துடு."

சர்க்கார் சம்பளம் வாங்குகிறவன் கதர் கட்டிக்கொண்டு, காங்கிரஸ் குறித்த அந்த ஜனவரி இருபத்தாறில் வெளியே நிற்பதென்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டாள்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசையாக, ஒன்று போலவே இருக்கும். முதல் நாளே நான் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தும் விட்டேன். அந்த வீட்டு அம்மாள் சளைக்காமல் கோப்பி கொடுத்த பிறகுதான் "நீங்க யாரு தம்பி?" என்று கேட்டாள். இங்கே காப்பி இல்லை, கோப்பி. கறுப்பாக, தார் மாதிரி, அடியில் டின் பால் ஒரு விரல் கனத்துக்கு. கலக்காமல் குடித்தால் கஷாயம், கலக்கிக் குடித்தால் பாயசம். இரண்டு நாளில் எனக்குப் பழகிவிட்டது. மூன்றாம் நாள் அது இல்லாமல் கண் திறக்கவில்லை.

நடராஜனுக்கு இருபத்தாறு வயசிருக்கும். மெலிந்த உடம்பு, வகிடு எடுத்த தலை, பேசுவதற்கு முன்னால் ஒரு தடவை தொண்டையைச் செருமிக்கொள்வார். வேலைக்குச் சேர்ந்து வருஷமாகியும் இன்னும் நிரந்தரமாக்கவில்லையாம். "இந்த மாசம் பேப்பர் மேலே போயிருக்கு" என்று வீட்டில் எல்லோரும் அதை ஒரு பிரசவம் மாதிரி எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் வேஷ்டியைக் கொடுத்தேன். "என் தங்கச்சி நூத்தது" என்றேன். அத்தோடு வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தியாகம் அது.

இரண்டு கையாலும் வாங்கினார். தடவிப் பார்த்தார். "ரொம்ப நைசா இருக்கு" என்றார். அப்புறம் டிரங்குப் பெட்டியைத் திறந்து, எல்லாத் துணிக்கும் அடியில் அதை வைத்து, மேலே நாலு பூச்சி உருண்டை போட்டு, பூட்டிவிட்டார்.

போச்சு! பரீட்சை ஹாலுக்குள் வருவதற்கு முன்னாலேயே பையன் பெயில். பூட்டின சத்தம் எனக்குக் கப்பல் சங்கு மாதிரி கேட்டது.

பிக்னிக்கைப் பற்றி அவருடைய அத்தான் ராமையாதான் சொன்னார். ரயில்வேயிலேயே தலைமைக் குமாஸ்தா. தொந்தியும் குரலும் பெரிது. குவார்ட்டர்ஸ் முழுக்க அவருக்கு அண்ணே என்று பெயர்.

"மீட்டிங்னா பர்மிட் வேணும். கொடின்னா வேலையே போயிடும். பிக்னிக்னா யாரு கேப்பா? சோறு கட்டிக்கிட்டு கடலுக்குப் போறதுக்கு எந்தச் சட்டத்திலே தடை இருக்கு, சொல்லு!"

தேதி எந்தக் கிழமையில் வந்தாலும் சரி, அதை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமையில்தான் பிக்னிக். சர்க்கார் உத்தியோகஸ்தனின் தேசபக்திக்கும் லீவு வேண்டுமல்லவா?

"கொடி இல்லாம என்ன சுதந்திர தினம்?" என்று நான் சீண்டினேன்.

ராமையா அண்ணன் கண்ணைச் சிமிட்டினார். "கடல்லே குளிச்சா துணி நனையும்ல? நனைஞ்ச துணியைக் காயப் போடணும்ல? அவ்வளவுதான் லா. வந்து பாரு."

அந்த 'லா' இந்த ஊர்ச் சரக்கு. எந்த வாக்கியத்தின் வாலிலும் ஒட்டும். நானும் ஒட்டிப் பார்த்தேன். எனக்கு மட்டும் ஒட்டவில்லை, எல்லோரும் சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடிகிற நேரத்தில் கிள்ளானுக்கு ரயில். பெண்களெல்லாம் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி பட்டும் பூவும். ஆண்கள்தான் ஆச்சரியம். ஒருத்தர் பாக்கியில்லாமல் கால்சட்டை, தொப்பி. இரண்டு பேர் டை வேறு. பிக்னிக் என்பது துரைமார் சமாசாரம், அதற்குத் துரை மாதிரிதான் போக வேண்டும் என்று இங்கே ஒரு எழுதாத சட்டம். நானும் டைதான், மறைப்பானேன். நடராஜன் வெளுத்த காக்கிக் கால்சட்டையில், தோளில் ஒரு துணிப்பையோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கதரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

கிள்ளானில் இறங்கி, வாழையிலையில் மடித்த தேங்காய்ப்பால் சோறு வாங்கித் தின்றேன். நாசி லெமாக் என்கிறார்கள். மேலே ஒரு கரண்டி மிளகாய்ச் சாந்து, நாலு நெத்திலி. முதல் வாயில் கண்ணில் தண்ணீர். இரண்டாம் வாயில் இன்னொரு பொட்டலம் வாங்கலாமா என்ற யோசனை. "காலையிலேயே மீனா?" என்று சரஸ்வதி அக்கா முகத்தைச் சுளித்தாள். நடராஜனின் அக்கா, ராமையா அண்ணனின் சம்சாரம். சுளித்துவிட்டு, என் இலையிலிருந்தே ஒரு வாய் எடுத்துக்கொண்டாள்.

அங்கிருந்து மோரிப்புக்கு லோரி. ஏதோ தோட்டத்தில் ரப்பர் ஏற்றுகிற வண்டி, நமக்காக ஆறு பெஞ்சு போட்டிருந்தார்கள். ரப்பர் நாற்றம் இறங்குகிற வரைக்கும் போகவில்லை. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் ரப்பர், ரப்பர், மேலும் ரப்பர். எங்கள் காவேரிக் கரையில் மரம் தன் இஷ்டத்துக்கு நிற்கும். இங்கே டிரில் மாஸ்டர் நிறுத்தின மாதிரி நிற்கிறது.

ஜெஞ்சாரோம் தாண்டியதும் லோரி ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. மூக்கிலிருந்து ஆவி. சீன டிரைவர் இறங்கிப் பார்த்து, மூடியைத் திறந்து, கையைச் சுட்டுக்கொண்டு, நீளமாக எதையோ சொன்னார். என்ன என்று கேட்டேன். "உங்கம்மாவைப் பத்தி இல்லே, வண்டியோட அம்மாவைப் பத்தி" என்றார் ராமையா அண்ணன்.

பக்கத்துத் தோட்டத்திலிருந்து ரப்பர் பால் எடுக்கும் காலி வாளியோடு வந்த இரண்டு தமிழ்ப் பெண்கள் எங்களை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"யாரு வூட்டுக் கல்யாணம்?"

"கல்யாணம் இல்லே தங்கச்சி, பிக்னிக்" என்றாள் சரஸ்வதி அக்கா.

"அப்படின்னா?"

"வீட்டிலே சாப்பிடுற சோத்தை ரோட்டிலே கொண்டாந்து சாப்பிடுறது."

"அதான் நாங்க தெனம் செய்யுறமே!" என்றாள் ஒருத்தி. சிரித்துக்கொண்டே வாளியோடு ஓடி, கால்வாயிலிருந்து தண்ணீர் மொண்டு வந்து ஊற்றினாள். லோரி மறுபடி உயிர் பெற்றது.

மோரிப் கடற்கரை அழகுதான். அலை மட்டும் நம்ம நாகப்பட்டணத்து அலை மாதிரி அடிக்காது. குமாஸ்தா மாதிரி குனிந்து வந்து குனிந்து போகும். சவுக்கு மரத்தடியில் ஜமக்காளம் விரித்தோம். புளியோதரை, தயிர்சாதம், மசால் வடை, ஒரு கூடை ரம்புத்தான். ரம்புத்தான் என்பது தலைமுடி வளர்த்த லிச்சிப் பழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டை ஒரு பிடி பிடித்த பிறகு எல்லோரும் கடலில் இறங்கினார்கள். அப்புறம்தான் விஷயம் வெடித்தது.

வழக்கம் இதுதான். நம் பெண்கள் நனைந்த சேலையை இரண்டு பேராக இரண்டு முனையில் பிடித்துக் காற்றில் காயவைப்பார்கள், தெரியுமே. இவர்கள் வருஷா வருஷம் மூன்று துணியை அப்படிக் காயவைக்கிறார்கள். இரண்டாக மடித்து, ஒன்றன் கீழ் ஒன்றாக. மேலே காவி, நடுவில் வெள்ளை, கீழே பச்சை. அப்படியே கொஞ்ச நேரம் எல்லோரும் பேசாமல் நிற்பார்கள். கொடியுமில்லை, கம்பமுமில்லை, பேச்சுமில்லை. எந்தத் துரை வந்து கேட்டாலும், சலவை.

காவிக்குச் சரஸ்வதி அக்கா தனியாகக் கொண்டுவந்த புதுச் சேலை. பச்சைக்கு எஸ்தர் டீச்சரின் புதுச் சேலை. மெதடிஸ்ட் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிற அம்மாள், பக்கத்து குவார்ட்டர்ஸ். முதல் நாள் எனக்குக் கோப்பி கொடுத்தவள் இவள்தான். இரண்டு சேலையும் கடலில் முக்கி எடுத்தாயிற்று.

"வெள்ளை யாரு?" என்றார் ராமையா அண்ணன்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

போன வருஷம் வரைக்கும் ஒரு பெரியவர் வேஷ்டியோடு வருவாராம். பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். யாராவது ஒருத்தன் வேஷ்டியில் வருவான் என்று ஒவ்வொருத்தரும் நினைத்துக்கொண்டு, ஒவ்வொருத்தரும் கால்சட்டையில் வந்திருக்கிறார்கள். இத்தனை தமிழர்கள் கூடின இடத்தில் ஒரு வேஷ்டி இல்லை!

"பொம்பளைங்க யார்கிட்டயாவது வெள்ளைச் சேலை…" என்று ஒருத்தர் ஆரம்பித்தார்.

"வாயைக் கழுவுங்க!" என்றாள் சரஸ்வதி அக்கா. "புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கப்போ நான் வெள்ளையைக் கையாலே தொடுவேனா?"

எஸ்தர் டீச்சர் சிரித்தாள். "எங்க ஆளுங்க கல்யாணத்துக்கே வெள்ளைதான் சரசு. ஆனா அது வீட்டிலே பெட்டியிலே இருக்கு. முன்னாடியே கேட்டிருந்தா கொண்டாந்திருப்பேன்."

தேடல் தொடங்கியது. ஒருத்தர் மேஜைவிரிப்பு கொண்டுவந்தார், நடுவில் ரோஜாப்பூ. ராமையா அண்ணன் தன் கைக்குட்டையை நீட்டினார். அதை நீட்டியது தப்பு என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். காவியும் பச்சையும் கையில் சொட்டிக்கொண்டிருக்க, "இந்த வருஷம் வேணாம், விட்டுடலாம்" என்று யாரோ மெதுவாகச் சொன்னார். அந்தப் பேச்சில் கடற்கரையே சட்டென்று வாடிவிட்டது.

அப்போது தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

நடராஜன் துணிப்பையைத் திறந்தார். பூச்சி உருண்டை வாசனை முதலில் வந்தது. அப்புறம் வேஷ்டி. பூரணியின் வேஷ்டி.

"பெட்டியிலே வைச்சுட்டு வர மனசு வரலே" என்றார் என்னிடம், ஏதோ திருட்டில் பிடிபட்ட மாதிரி. நேரே போய் அலையில் முக்கி எடுத்து வந்தார். "ஒரு முனையை நீங்க பிடிங்க, சேது."

பிடித்தேன். ராமையா அண்ணனும் இன்னொருத்தரும் லோரியிலிருந்து இறக்கின பெஞ்சு மேல் ஏறி நின்று காவியைத் தலைக்கு மேல் தூக்கினார்கள். நாங்கள் நெஞ்சளவில் வெள்ளை. எஸ்தர் டீச்சரும் சரஸ்வதி அக்காவும் மணலில் உட்கார்ந்து பச்சை. காற்று வந்தது. மூன்றும் ஒன்றாகப் படபடத்தன. நான் பல கொடியேற்றங்களுக்குப் போய் லெக்சர் கேட்டுக் கொட்டாவி விட்டவன். இங்கே எனக்குக் கொட்டாவி வரவில்லை.

சைக்கிள் மணி வந்தது.

மாத்தா! போலீஸ்காரருக்கு இங்கே அதுதான் பெயர். மலாய்க்காரர், பெரிய மீசை. சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு மெதுவாக நடந்து வந்தார்.

"நடராஜா, நீ விட்டுட்டுப் போய்க் குளி" என்று பெஞ்சு மேலிருந்து ராமையா அண்ணன் உதட்டை அசைக்காமல் சொன்னார். "உன் பேப்பர் மேலே இருக்கு லா! யாராவது பிடிச்சுக்குவாங்க. போ!"

நான் எதிர் முனையிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தன் முனையைக் கையில் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். விடவில்லை.

இனி மலாய்ப் பேச்சு; ராமையா அண்ணன் பின்னால் எனக்குச் சொன்னபடி எழுதுகிறேன்.

"என்ன செய்கிறீர்கள்?"

"துணி காயவைக்கிறோம்" என்றார் ராமையா அண்ணன்.

"என் வீட்டில் பத்துத் துணியை என் மனைவி ஒருத்தி காயவைக்கிறாள். உங்களுக்கு மூன்று துணிக்கு ஆறு பேரா?"

மாத்தா மேலே பார்த்தார், கீழே பார்த்தார், நடுவில் வந்து நின்றார். "இந்த வெள்ளை யாருடையது?"

நடராஜன் மறுபடி தொண்டையைச் செருமினார். "என்னுடையது. எனக்குக் கல்யாணத்துக்கு வந்த துணி."

"கல்யாணத் துணியை உப்புத் தண்ணீரிலா முக்குவார்கள்? உன் மனைவி உன்னை அடிப்பாள்!" மாத்தா வயிறு குலுங்கச் சிரித்தார். எஸ்தர் டீச்சர் கண் காட்ட, யாரோ ஒரு இலையில் வடையும் ரம்புத்தானும் கொண்டுபோய் நீட்டினார்கள். வாங்கிக்கொண்டார். சைக்கிளில் ஏறும்போது திரும்பி, "மழை வருகிறது. உங்கள் துணி இன்றைக்குக் காயாது" என்றார். எல்லாம் தெரிந்துதான் சொன்னாரோ, ஒன்றும் தெரியாமல்தான் சொன்னாரோ, அது அந்த மீசைக்குத்தான் வெளிச்சம்.

மழை விஷயம் நிஜம். இங்கே மழை தூறி எச்சரிக்கை கொடுப்பதில்லை. வாளியோடு வந்து கவிழ்க்கும். ராமையா அண்ணன் மூன்று துணியையும் ஒரே சுருட்டாகச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு லோரிக்கு ஓடினார். கிள்ளான் வரைக்கும் அதன் மேலேயே உட்கார்ந்தும் வந்தார்.

பிரிக்பீல்ட்ஸ் வந்து சுருட்டைப் பிரித்தபோது சரஸ்வதி அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். "புதுச் சேலை முதல் தண்ணியிலே சாயம் விடும்னு சின்னப் புள்ளைக்கும் தெரியுமே! வெள்ளையோட சேத்துச் சுருட்டுவாங்களா? இத்தனை வருஷமா சோறு மட்டும்தான் தின்னீங்களா?"

வேஷ்டியின் ஒரு பக்கம் நெடுகக் காவி இறங்கியிருந்தது. மறுபக்கம் பச்சை. நடுவில் மட்டும் வெள்ளை.

எனக்குச் சிரிப்பு. நடராஜனுக்கு முகம் செத்துவிட்டது. சோப்புப் போட்டார், எலுமிச்சம்பழம் தேய்த்தார், எஸ்தர் டீச்சரிடம் ஏதோ பொடி வாங்கிப் போட்டு ஊறவைத்தார். சாயம் அசையவில்லை.

"முகூர்த்தத்துக்கு இதைத்தான் கட்டணும்னு எடுத்து வைச்சிருந்தேன், சேது" என்றார். "அவங்க கையாலே நூத்தது. அதான் முன்னாடியே கட்டி அழுக்காக்க வேணாம்னு பூட்டி வைச்சேன்."

அந்தப் பூட்டின் சத்தத்துக்கு நான் போட்ட மார்க்கை மனசுக்குள் அடித்தேன். ஆனாலும் பூரணியின் கணக்கு கறாரானது. பிடித்துக்கொண்டு நிற்கிறாரா என்று அவள் கேட்கவில்லை. கட்டிக்கொண்டு நிற்கிறாரா என்றுதான் கேட்டாள். பாதி பாஸை எப்படித் தந்தி அடிப்பது?

நான் கிளம்பின காலையில் ராமையா அண்ணனும் அக்காவும் முன்னாலேயே என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். வண்டி நிற்கிறது, நடராஜனைக் காணோம். கடைசியில் அந்த அரண்மனை வளைவுக்கு அடியில் ஒரு உருவம் தெரிந்தது. மேலே ஆபீஸ் கோட்டு. கீழே, காவிக்கரையும் பச்சைக்கரையும் வைத்த வெள்ளை வேஷ்டி. பிளாட்பாரம் முழுக்க அவருடைய ஆபீஸ் ஆட்கள். ரிசர்வ் பண்ணின வண்டியைப் பார்க்க வந்த அவருடைய துரை, பைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு அந்த வேஷ்டியையே பார்த்தார்.

"உன் துணிக்கு என்ன ஆச்சு?" இங்கிலீஷில்தான் கேட்டார்.

"சலவையில் சாயம் ஏறிவிட்டது, சார்."

"மோசமான சலவை" என்றார் துரை. ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் பைப்பை வாயில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

நடராஜன் என் ஜன்னலுக்கு வந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

"எதுக்கு இதைக் கட்டிக்கிட்டு வந்தீங்க?" என்று கேட்டேன்.

"நல்ல நாளைக்குன்னு வைச்சு வைச்சுத்தான் இப்படி ஆச்சு. இருக்கிற அன்னிக்கே கட்டிடணும்னு தோணிச்சு." வண்டி நகர ஆரம்பித்தது. கூடவே நடந்தார். "உங்க தங்கச்சிகிட்டே வேஷ்டி கெட்டுப் போச்சுன்னு மட்டும் சொல்லிடாதீங்க, சேது!"

சொல்லவில்லை. துறைமுகத்தில் ரயிலை விட்டு இறங்கி முதல் காரியமாக ஊருக்கு ஒரு தந்தி அடித்தேன். இங்கிலீஷ் எழுத்தில் ஒரே ஒரு தமிழ் வார்த்தை: "நின்றார்."

தான் ஒரு பரீட்சை எழுதினதே நடராஜனுக்குத் தெரியாது. இந்தக் கட்டுரை அச்சாகி, கப்பலேறி, பிரிக்பீல்ட்ஸ் போய்ச் சேரும்போதுதான் தெரியும். அதற்குள் முகூர்த்தம் முடிந்திருக்கும். மாப்பிள்ளையால் ஒன்றும் செய்ய முடியாது.